எழுத்தில்லா ஏடுகள்

சீகிரியாக் குன்றைக் காணச் செல்வோர், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதன் செங்குத்துப் பாறையிலே தீட்டப்பெற்ற பெண்களின் உருவங்களை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னனின் காலத்தவை அவை. இடைக்குக் கீழே முகிலில் மறைந்து நிற்கும் அப்பெண்களின் கையில் மலர் உண்டு, தட்டு உண்டு, முகத்திலே ஏதோ ஒரு நினைவும் உண்டு. அவர்கள் யார் என்று கூறும் எழுத்து மாத்திரம் அங்கே ஒன்றேனும் இல்லை.

அவ்வோவியங்களுக்குக் கீழே, பாதையின் ஓரமாக, கண்ணாடிபோல் மெருகிட்ட சுவர் ஒன்று உள்ளது. குன்றைப் பார்க்க வந்தவர்கள், தம் மனத்தில் எழுந்ததைப் பாட்டாக்கி அச்சுவரிலே கீறிவிட்டுப் போயினர். துறவிகளும் எழுதினர், அரச சேவகரும் எழுதினர், பெண்களும் எழுதினர். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை எழுதப்பெற்ற அத்தகைய பாடல்களில் 685ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்தறிந்து, 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பிற்காலத்து அறிஞர்களும் சும்மா இருந்தாரல்லர். ‘இவர்கள் பிதுரங்கலை விகாரைக்கு மலர் கொண்டு செல்லும் அரண்மனை மகளிர்’ என்றார் எச்.சி.பி. பெல். ‘தேவகன்னியர்’ என்றார் ஆனந்த குமாரசுவாமி. ‘முகிலும் மின்னலுமே பெண்ணுருக் கொண்டன’ என்றார் பரணவிதான. பாறையின் ஓரத்திலே, ‘இவர்கள் இன்ன மன்னனின் இன்ன தேவியர்’ என்று ஒரே ஒரு வரி பொறிக்கப்பட்டிருந்தால், இத்தனை பேரும் வாய் திறந்திருப்பார்களா? படித்துவிட்டு, ‘சரி’ என்று மலையேறிப் போயிருப்பார்கள்.

எழுத்தில்லாத ஒரு படம் பார்ப்பவனைப் பேசவைக்கும் என்பதற்கு, நம் மாத்தளை மாவட்டத்திலேயே உள்ள இந்தக் குன்றைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. பெரியவர்களையே இவ்வாறு பேசவைப்பது, பாலர்களிடம் என்ன செய்யும் என்பதைப் பற்றியே இன்று வாசக நேயர்களுடன் பேச விழைகின்றேன்.

மேனாடுகளிலும் யப்பானிலும் சொல்லே இல்லாத படநூல்கள் பல வெளிவந்திருக்கின்றன. முதற்பக்கம் தொட்டு இறுதிப்பக்கம் வரை படங்கள்தாம். கதையைப் பார்ப்பவரே கோத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ரேமண்ட் பிரிக்ஸ் என்பார் 1978இல் வெளியிட்ட ‘பனிமனிதன்’ இத்தகையது. ஆரம்பப் பாடசாலை ஆசிரியராய் இருந்து ஓவியரான யப்பானியர் மிட்சுமாசா அன்னோ, குதிரைமேல் ஏறி ஊர் ஊராகச் செல்லும் ஒரு தனி மனிதனை 1977இல் இவ்வாறு வரைந்தார். இப்புத்தகங்களை நம்மவர் கையில் கொடுத்தால் முதலில் எழும் கேள்வி, ‘எழுத்தே இல்லையே, இதற்கு இவ்வளவு விலையா?’ என்பது. எழுத்தை நிறுத்து விலை பேசுகின்ற வழக்கம் நமக்கு.

இதைச் சொல்பவனோ தமிழ் ஆசிரியன். எழுத்தும் சொல்லும் பொருளும் என்று இலக்கணம் படிப்பித்தே இருபது ஆண்டுகளை ஓட்டியவன். போதாததற்கு, நான் வாழும் ஊருக்கு வடக்கே நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது அலுவிகாரை. அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதப்பெற்ற இடம் அது. எழுத்தின் பெருமையை எனக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுத்து ஒரு கதவு போன்றது. சிலருக்குத் திறக்கும் அதே நேரத்தில் வேறு சிலரை வெளியே நிறுத்திவிடும். வெளியே நிற்பவர்களை நான் கண்டது ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே.

தோட்டத்துத் தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் சிறுவர்களையும் விட்டுச் செல்லும் இடத்துக்குப் ‘பிள்ளைக்காம்பரா’ என்று பெயர். இன்று வாசலிலே ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பலகை தொங்குகிறது. மக்கள் வாயில் அது இன்றும் பிள்ளைக்காம்பராதான். சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் ஒரு பெட்டிப் புத்தகத்துடன் நான் அங்கே போய்வருவதுண்டு. ஒருநாள் கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துப்போக வந்த ஓர் இளந்தாயிடம், ‘பனிமனிதன்’ நூலைக் கொடுத்து வீட்டில் மகனுக்குக் காட்டும்படி கூறினேன். அவர் கையை நீட்டவில்லை.

“நம்மளுக்கு எழுத்து வராதுங்க மாஸ்டர். புள்ளைக்கு என்னத்தப் படிச்சுக் காட்டுறது?”

“இதுல எழுத்தே கிடையாதம்மா. நீங்களே பாருங்க.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எங்கேனும் ஒரு மூலையில் எழுத்து ஒளிந்திருக்கும் என்ற ஐயத்துடன் தாள் தாளாகப் புரட்டினார். ஒன்றும் இல்லை என்று கண்டதும் என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்ப, நான் சொல்றதுதான் கதையா?” என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்த வியப்பை நான் எழுத்தில் கொண்டுவர இயலாது. பாடசாலைப் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிள்ளையின் முன்னே தலைகுனிந்தவர் அவர். கொப்பியிலே ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தைக் கண்டாலே அவருக்கு வியர்க்கும் என்பதைப் பின்னர் அவரே சொன்னார். இவ்வாறான தாய்மார் கதை தெரியாதவர்கள் அல்லர். காமன் கூத்தை இரவிரவாகப் பார்த்து, பாட்டும் வசனமும் நினைவில் வைத்திருப்பவர்கள். ஒப்பாரி சொன்னால் கேட்பவர் நெஞ்சு உருகும். அவ்வளவு சொல்வளத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, அச்சடித்த தாளின் முன்னே ஊமையாகி நின்றார்கள்.

அடுத்த கிழமை, அவர் மகனுக்கு அக்கதையைச் சொல்வதைச் சுவருக்கு இப்புறம் இருந்து கேட்டேன். கதை தெரியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன்: ஒரு சிறுவன் பனியைத் திரட்டி மனிதன் செய்கிறான், இரவிலே அம்மனிதன் உயிர்பெற்று வருகிறான், இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, பின் வானில் பறந்து போய் வருகின்றனர், காலையில் சிறுவன் ஓடி வந்து பார்க்கையில் பனி உருகித் தொப்பியும் கழுத்துத் துணியும் மாத்திரம் கிடக்கின்றன. பனியே பெய்யாத நாட்டிலே இக்கதை எவ்வாறு செல்லும்? அத்தாய்க்கு அதிலே இடரே இருக்கவில்லை. அரிசிமாவால் செய்த மனிதர் அவர். சிறுவனின் தாயும் தந்தையும் கட்டிலில் உறங்கும் படம் வந்தபோது, “ரெண்டு பேரும் பகலெல்லாம் கொழுந்து எடுத்துட்டு அசந்து தூங்குறாங்க” என்றார். இருவரும் பறந்து செல்லும் இடத்திலே, பிரைட்டன் நகரத்துப் பழைய அரண்மனையின் உருண்டைக் கோபுரங்களை ஓவியர் வரைந்திருக்கிறார். “அந்தா பாரு, மாத்தளை அம்மன் கோயிலுக்குத் தேர் பாக்கப் போறாங்க.” மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதியுலா வருவதைக் காணாத தோட்டத்துப் பிள்ளை நம் மாவட்டத்தில் ஏது? கடைசிப் பக்கம் வந்தது. நான் சற்று அஞ்சினேன். பனிமனிதன் உருகிப்போகும் அந்தப் பக்கத்திலே மேனாட்டுப் பிள்ளைகள் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தாய் ஒரு கணம் பேசாதிருந்தார். பிறகு, “வெயில் ஏறிடுச்சில்ல, அவரு ஊருக்குப் போயிட்டாரு. தொப்பிய மறந்து வச்சிட்டுப் போயிருக்காரு பாரு. எடுக்க வருவாரு” என்றார்.

பிரிக்ஸ் அவர்களின் கதை அங்கே முடிந்துவிட்டது. அச்சிறுவனுக்கோ அங்கேதான் தொடங்கியது. தொப்பியை எடுக்க வருபவர் எப்போது வருவார், எந்த வழியாக வருவார், மழை நாளில் வருவாரா என்ற கேள்விகள் எழுந்தன. அடுத்த முறை நான் போனபோது, பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் அவன் அதை வரைந்து வைத்திருந்தான்.

முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிடும் இவ்வித்தை நம் நாட்டாருக்கும் புதியதன்று. ‘குடைத் திருடன்’ கதையை எழுதி வரைந்து, இலங்கையில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாட்டியாகிப்போன சிபில் வெத்தசிங்க அம்மையார் 2020ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்குச் சற்று முன்னரே, தம்முடைய கதை ஒன்றை முடிக்காமல் விட்டு நாட்டுப் பிள்ளைகளிடம் முடிவு கேட்டார். 1,250 முடிவுகளுடன் அந்நூல் வெளிவந்து உலக சாதனையாகப் பதிவுபெற்றது. கண்ணாடிச் சுவரிலே 685 பாட்டு. அம்மையாரின் நூலிலே 1,250 முடிவு. நம் தீவிலே வாய் திறக்க ஆள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது!

அந்தக் கலண்டர்ப் படத்துக்கு வருகிறேன். அதிலே ஒரு நீண்ட லயம். ஆறு காம்பராக்கள். சுவர் இருந்தும் இல்லாததுபோல் ஒவ்வொரு காம்பராவின் உள்ளேயும் நடப்பது தெரிந்தது: அடுப்பு, தொட்டில், படுத்திருக்கும் பாட்டி, தொலைக்காட்சிப் பெட்டி. வெள்ளை மனிதர் படத்திலே மூன்று இடங்களில் இருந்தார்: பாதையில் ஒருவர், படியில் ஒருவர், தொப்பியைக் கையில் எடுத்தபடி ஒருவர். “இத்தனை பேரா வந்தாங்க?” என்று கேட்டேன். “இல்ல சேர், ஒரே ஆளுதான். வந்துக்கிட்டு இருக்காரு” என்றான், இது கூடத் தெரியாதா என்ற பாவனையில்.

சித்திரப் பாடத்திலே இத்தகைய படத்துக்குச் சிவப்பு மையால் வட்டம் போடுவோர் உளர். சுவருக்குள்ளே இருப்பது எப்படித் தெரியும்? ஒரே மனிதன் எப்படி மூன்றாவான்? பிரான்சு நாட்டு அறிஞர் லூக்கே என்பவர் 1927இல் குழந்தைச் சித்திரங்களைப் பற்றி எழுதிய நூலிலே இதற்கு விடை சொன்னார்: பிள்ளை தன் கண் காண்பதை வரைவதில்லை, தான் அறிந்ததை வரைகிறது. சுவருக்கு உள்ளே பாட்டி இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த பாட்டியை மறைப்பதற்குச் சுவருக்கு என்ன உரிமை?

லூக்கேயைத் தேடிப் பிரான்சு வரை போகவும் வேண்டியதில்லை. நம் தம்புள்ளைக் குகைக் கோயில்வரை போனால் போதும். 1991இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அக்கோயிலிலே ஐந்து குகைகளின் சுவரும் கூரையும் ஓவியத்தால் போர்த்தப்பட்டிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டிலே, கண்டியை ஆண்ட நாயக்கர் வமிசத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் தீட்டப்பெற்றவை. கண்டிக் காலத்து ஓவியர்கள் கதை சொல்லும் முறையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: நீண்ட பட்டையிலே கதை ஓடும், அதே அரசன் இங்கே தேரில் இருப்பான், இரண்டு சாண் தள்ளி இறங்கி நிற்பான், அப்பால் காட்டில் நடப்பான். கண்டிக்கு அருகே தெகல்தொறுவை விகாரையிலே வெஸ்ஸந்தர மன்னனின் கதை இவ்வாறுதான் செல்கிறது. மாளிகையின் உட்புறமும் வெளிப்புறமும் ஒருங்கே தெரியும். சில இடங்களில் பட்டைக்குக் கீழே சிங்களத்தில் ஒரு வரி எழுதியிருப்பதும் உண்டு. ஆயினும் போயா தினத்தில் வந்து கூடிய குடியானவர்களுட் பலர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்குக் கதை சொன்னது படந்தான். லயத்துச் சிறுவன் யாரிடமும் கற்காமலேயே அந்தச் சித்திரக்காரர்களின் வழியைக் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்குச் சிவப்பு வட்டமா?

உண்மையில் சிவப்பு வட்டம் போடவேண்டிய படம் வேறொன்று இருக்கிறது. இலங்கையில் எந்தப் பாடசாலைக்குப் போய், ‘விரும்பிய படம் வரையுங்கள்’ என்றாலும், பாதி வகுப்பு அதையே வரையும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவிலே அரைச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, ஒரு தென்னை, வானத்திலே ‘வி’ எழுத்துப்போல் நான்கு பறவைகள். மலையையே பார்த்திராத யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் அதை வரைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் நிழலிலே பிறந்து வளர்ந்த மாத்தளைப் பிள்ளையும் அதையே வரைகிறது. சன்னலுக்கு வெளியே முகில் மூடிய உண்மையான மலை நின்றுகொண்டிருக்க, பிள்ளை அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து முக்கோணம் போடுகிறது! யாரோ ஒருவர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அது பரம்பரைச் சொத்தாகிவிட்டது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளிலேயே வியன்னா நகரில் பிரான்ஸ் சீசெக் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்கென ஓவிய வகுப்புத் தொடங்கி, பெரியவரின் படத்தைப் பார்த்து வரைவிக்கும் வழக்கத்தைத் தவிர்த்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்செய்தி எங்கள் கரும்பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சொல்லில்லாப் படநூலைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அந்த முக்கோண மலையை மெல்ல மெல்லக் கைவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். காரணம் இதுவாக இருக்கலாம்: அத்தகைய நூலிலே ஒவ்வொரு படமும் ஏதோ நடப்பதைச் சொல்கிறது. முக்கோண மலைப் படத்திலே ஒன்றும் நடப்பதில்லை. அந்த வீட்டுக் கதவு ஒருநாளும் திறப்பதில்லை. ‘யார் வீடு இது? உள்ளே யார்?’ என்று ஒரு முறை கேட்டுவிட்டால், பிள்ளையின் பென்சில் கதவைத் திறந்துவிடும்.

ஆனால் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. ‘இது என்ன? இது என்ன நிறம்? எத்தனை பறவை?’ என்று படத்தைப் பரீட்சைத் தாளாக்கும் ஆசிரியர் கையில் இந்நூல் சிக்கினால் பயனில்லை. ‘அப்புறம்?’ என்ற ஒரு சொல் போதும். அதையும் சொல்லாமல் இருக்கத் தெரிந்தவர் மேலும் நல்ல ஆசிரியர். எங்கள் தொழிலிலே வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதன்று என்பதை ஆசிரியர்களின் மனைவிமார் அறிவர்.

மாத்தளையிலே சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பேருந்தில் வருகின்றனர். இறங்கி வெவ்வேறு பாடசாலைகளுக்குப் போய்விடுகின்றனர். விடுமுறையில் நகரத்தில் ஒருமுறை அவர்களுட் சிலரை ஒன்றாக இருத்தி, சிங்கள ஆசிரியை ஒருவரும் நானும் அன்னோவின் குதிரைக்காரனை நடுவிலே விரித்து வைத்தோம். மொழிபெயர்ப்பது என்ற தொல்லை அங்கே எழவில்லை. படத்திலே ஒளிந்திருக்கும் சிறுசிறு நிகழ்ச்சிகளை முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்பதே போட்டி. ‘அஸ்வயா’ என்று ஒரு விரல் வந்து குதிரைமேல் விழும். ‘குதிரை’ என்று இன்னொரு விரல் அதன்மேல் விழும். அரைமணி நேரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பத்துச் சிங்களச் சொல்லும், அவர்களுக்குப் பத்துத் தமிழ்ச் சொல்லும் வந்துவிட்டன. இரண்டாம் மொழிப் பாடத்திலே அவை வந்து சேர எத்தனை மாதமாகும் என்பதைச் சொல்லி எவரையும் நோகச்செய்ய விரும்பவில்லை.

தம்புள்ளையின் பெரிய குகையிலே, துட்டகைமுனுவும் எல்லாளனும் பொருதும் காட்சியும் தீட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலா சென்றபோது கீழ்வகுப்புப் பிள்ளைகள் அதன் முன்னே நின்றனர். இன்னார் இன்னார் என்று பெயர் சொல்ல என் நாக்கு முன்வந்தது, அடக்கிக்கொண்டேன். பெயர் சொல்லிய மறுகணமே அவர்கள் பக்கம் பிரிந்துவிடுவார்கள். பெயரறியாத பிள்ளைகளுக்கு அது சண்டை, அவ்வளவே. ஒருத்தி மாத்திரம் நெடுநேரம் பார்த்துவிட்டு, சண்டை முடிந்தபின் யானைகளுக்கு யார் தண்ணீர் காட்டுவார்கள் என்று கேட்டாள். சரித்திரத்தை அவர்கள் மேல்வகுப்பில் படிக்கத்தான் போகிறார்கள், படிக்கவும் வேண்டும். அதற்கு முன் ஒருமுறையேனும் அந்தப் படத்தை அவ்வாறு பார்த்திருப்பதில் நட்டமில்லை.

மொழி பிரிக்கும் இடத்திலே படம் உதவும் என்பதை உலகம் அறியாமலில்லை. நாசிகளின் கொடுமையால் செருமனியை விட்டு வெளியேறிய யெல்லா லெப்மன் என்ற அம்மையார், போர் முடிந்ததும் திரும்பி வந்து, 1946இல் பல நாட்டுச் சிறுவர் நூல்களை மியூனிக் நகரிலே காட்சிக்கு வைத்தார். 1949இல் அங்கே பன்னாட்டு இளைஞர் நூலகத்தை அமைத்தார். அவர் முயற்சியால் 1953இல் தோன்றிய சிறுவர் நூல்களுக்கான சர்வதேச சபை, 2012இல் ஓர் அரிய காரியத்தில் இறங்கியது. ஆபிரிக்காவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் உயிர் தப்பிப் படகேறி வரும் மக்கள் வந்து கரையேறும் லாம்பெடூசா என்ற சிறு தீவு இத்தாலிக்கு உரியது. அத்தீவிலே நூலகமே இருக்கவில்லை. பல நாடுகளிலிருந்தும் சொல்லில்லாப் படநூல்களை வரவழைத்து, தீவுப் பிள்ளைகளும் அகதிப் பிள்ளைகளும் ஒன்றாய்ப் பார்க்கும்படி அங்கே நூலகம் அமைக்க அச்சபை முனைந்தது.

கடல் தாண்டி வந்தோர் கதை என்றவுடன் நம் மலையகத்தாருக்கு உள்ளே ஒன்று அசையும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியாக நூற்றுக்கு மேற்பட்ட மைல்களை நடந்தே கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் வீழ்ந்தவர்களைக் கணக்கெடுத்தவர் இல்லை. அந்நடையை நடந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆதலால் அவர்கள் எழுதிவைத்த ஏடு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

மெல்பேணில் வாழும் என் பழைய மாணவன் ஒருவன் அனுப்பிவைத்த நூலொன்று இப்போது பெட்டியில் இருக்கிறது. மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து குடியேறியவரின் மகனான ஷோன் டான் என்னும் ஓவியர் வரைந்து 2006இல் வெளிவந்தது. 128 பக்கம், படிக்கக்கூடிய ஒரு சொல்லும் இல்லை. மனைவியையும் மகளையும் விட்டு, கையில் ஒரு பெட்டியுடன் கப்பலேறுகிறான் ஒருவன். போய்ச் சேர்ந்த நகரத்திலே அறிவிப்புப் பலகைகள் உண்டு. ஆனால் அவை ஓவியர் தாமே புனைந்த எழுத்தால் ஆனவை. உலகில் எவரும் அதைப் படிக்க முடியாது. பட்டதாரியான நானும் அந்தப் பலகையின் முன்னே தற்குறிதான்! தோட்டத்து மூதாட்டி ஒருவரும் நானும் அந்த ஒரு பக்கத்தின் முன்னே சரிநிகராக உட்கார்ந்திருந்தோம். அம்மனிதனுக்குப் பசிக்கிறது, மொழி தெரியாது, சட்டைப்பையிலிருந்து சிறு கொப்பியை எடுத்து ரொட்டியின் படம் வரைந்து காட்டுகிறான். படுக்க இடம் வேண்டும். கட்டிலின் படம் வரைந்து காட்டுகிறான். மூதாட்டி அந்தப் பக்கத்திலே விரலை வைத்துக்கொண்டார். “எங்க பாட்டன் மன்னாருல எறங்குனப்ப அவருக்குப் படம் போடத் தெரியலியே” என்றார்.

அதன் பின்னர் அவர் சொன்னதை அங்கிருந்த பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டனர். பாட்டனின் பெட்டி எது, அரிசியை எதில் முடிந்தார்கள், வழியில் எந்த மரத்தடியில் யாரை விட்டுவந்தார்கள் என்று, அவருடைய தாய் அவருக்குச் சொன்னவை அனைத்தும் வந்தன. அவருடைய மருமகளே இதற்கு முன் அவற்றைக் கேட்டிருக்கவில்லையாம். எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறகு அதை வரைந்தனர். நான் தாளை மடித்துத் தைத்துக் கொடுத்தேன், பஸ்டலும் நிறப்பென்சிலும் கொடுத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. கடல் நீலமாக இல்லை, கறுப்பாக இருந்தது. இரவிலே வந்தார்களாம். மரத்தடியில் விட்டுவரப்பட்டவரை வரைந்த சிறுமி, அம்மரத்துக்கு ஒவ்வோர் இலையாக நூற்றுக்கணக்கில் போட்டிருந்தாள். வெயில் படக்கூடாது என்றாள்.

இப்படியெல்லாம் படம் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை எழுத்துப் படிப்பது எப்போது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே எவரும் பனிமனிதனைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. நான்காம் தரத்தை எட்டியதும் பல வீடுகளில் நிறப்பென்சில் அலுமாரிக்குள் போய்விடுகிறது. ஆறாம் தரத்தில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும்போது, ‘எதிலே புள்ளி கூட வரும்?’ என்பதே ஆலோசனை. நான் எழுத்துக்கு எதிரியல்லன். பிள்ளை வாசிக்கக் கற்றே ஆகவேண்டும், அதுவும் பிழையறக் கற்கவேண்டும். ஆனால் வாசிப்பு என்பது எழுத்துக்கூட்டலோடு தொடங்குவதன்று. கதை இடமிருந்து வலமாகச் செல்லும், முன்னது பின்னதற்குக் காரணமாகும், முகம் ஒன்றைச் சொல்ல மனம் வேறொன்றை நினைக்கும் என்பதெல்லாம் எழுத்துக்கு முன்னமே பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. தானே கதை சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, அச்சிலே இன்னொருவர் சொல்லும் கதை எதிரியாகத் தோன்றுவதில்லை. அந்தத் தோட்டத்துச் சிறுவன் தொப்பிக்காரர் படத்தின் கீழே தானாகவே ஒரு சொல் எழுதக் கேட்டான். ‘வாறார்’ என்ற சொல். அவன் முதலில் எழுதிய சொல் அதுவே. அரிச்சுவடியின் ‘அம்மா’வும் ‘ஆடு’ம் அதற்குப் பின்னர் வந்தன.

விலை ஒரு தடை என்பது உண்மை. வெளிநாட்டு நூலொன்றின் விலையிலே ஒரு குடும்பத்துக்குச் சில நாள் அரிசி வாங்கலாம். அதனால்தான் மடித்துத் தைத்த கலண்டர்த் தாளை நான் பெரிதும் நம்புகிறேன். எட்டுப் பக்கம் போதும். நூலும் ஊசியும் எல்லா வீட்டிலும் உண்டு. வாசகர்களுள் கைத்திறன் உள்ளவர்கள், தாம் பிறந்த ஊரின் ஒரு நாளை எட்டுப் படமாக வரைந்து பார்க்கலாம். நன்றாக வரையவேண்டும் என்பதில்லை. அழகாக வரைந்துவிட்டால் பிள்ளைகள் அதைத் தொட அஞ்சுகின்றனர்.

பெட்டியில் இப்போது பதினான்கு நூல்கள் உள்ளன. ஆறு கடையில் வாங்கியவை அல்லது எவரேனும் அனுப்பியவை. எட்டு, பிள்ளைகள் செய்தவை. அதிகம் கிழிந்திருப்பது கறுப்புக் கடல் உள்ள நூல்தான். அட்டையை இருமுறை மாற்றியாயிற்று. ‘பனிமனிதன்’ சென்ற மாதம் முதல் பெட்டியில் இல்லை. அந்த இளந்தாய் இரண்டாவது பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்று வாங்கிப்போனார். இம்முறை கதை வேறாம்.